கல் இல்லாத தொட்டியும் தினம் 75 லிட்டர் தண்ணீரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளளவு 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். தண்ணீர் 40 செ.மீ. உயரத்துக்கு நிற்கும், கணக்குப் போட்டால் 216 லிட்டர். அதில் ஐந்து ஒராண்டா தங்கமீன்கள் வளர்கின்றன. உச்சந்தலையில் கொண்டை போலச் சதை வளர்கிற, வால் நீண்டு தொங்குகிற வகை. கடந்த ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை இந்தத் தொட்டியில் நடந்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். தினமும் காலையில் அடியைச் சுத்தம் செய்தேன், அப்படியும் தண்ணீர் நாளுக்கு நாள் கெட்டது. ஏன் என்று பிடிபடவே பல வாரம் ஆனது. கல் போடாத தொட்டி வைத்திருக்கும் மற்றவர்கள் அத்தனை வாரத்தை வீணாக்க வேண்டாம் என்பதால் அந்த நோட்டை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தங்கமீன் தொட்டியில் நான் கல் போடாததற்குக் காரணம் உண்டு. தங்கமீன் கெண்டை இனம். அடியைக் கிளறிக்கொண்டே இருக்கும். சிறிய கூழாங்கல்லை வாயில் எடுத்துப் பார்க்கும், சில நேரம் அது தொண்டையில் மாட்டிக்கொள்ளும். இரண்டாவது, இந்த இனத்துக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. அதனால் அடிக்கடி தின்னும், அடிக்கடி கழிக்கும். கல் இருந்தால் அந்தக் கழிவெல்லாம் இடுக்கில் இறங்கி அங்கேயே அழுகும். வெறும் கண்ணாடி அடியில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிடலாம்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. மீன் வெளிவிடும் விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டித்தான் வாழும். கல் இருக்கும் தொட்டியில் அவற்றுக்குப் பெரிய வீடு இருக்கிறது. கல் இல்லாத தொட்டியில் ஃபில்டர்தான் வீடு. என் தொட்டியில் இருந்தவை இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர்கள். இடது கோடியில் ஒன்று, வலது கோடியில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே ஏர் பம்ப்; அது விடும் காற்றுக் குமிழி மேலே ஏறும்போது தண்ணீரை ஸ்பாஞ்ச் வழியாக இழுக்கும்.

என்ன நடந்துகொண்டிருந்தது

காலை ஆறரைக்கு சைஃபன் டியூபை எடுப்பேன். கடையில் தொட்டியோடு சேர்த்துக் கொடுத்தது: 50 மி.மீ. அகல வாய் கொண்ட பிளாஸ்டிக் குழல், அதன் பின்னால் 12 மி.மீ. ஹோஸ். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை அடியைத் தடவிக்கொண்டே போக ஒன்பது நிமிடம் ஆகும். அதற்குள் தண்ணீர் 14 செ.மீ. இறங்கிவிடும். இந்தத் தொட்டியில் ஒரு செ.மீ. என்பது 5.4 லிட்டர், ஆக ஏறக்குறைய 75 லிட்டர். தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

அவ்வளவு தண்ணீர் போன பிறகும் அழுக்கில் பாதி அங்கேயே கிடக்கும். குழலை அருகே கொண்டுபோனால் லேசாக அசையும், உருளும், வாய்க்குள் பாதி உயரம் ஏறி மறுபடி கீழே விழும். சலிப்போடு நிறுத்திவிட்டு, சம்ப்பிலிருந்து மெட்ரோ வாட்டரைப் பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுவந்து ஊற்றுவேன். ஊற்றி முடித்ததும் ஆன்டி குளோரின் சொட்டுகள்.

அழுக்குத் தண்ணீர் செடிக்குப் போனது. மாடியில் கறிவேப்பிலை, மல்லி, இரண்டு முருங்கைக் கன்றுகள் இருக்கின்றன. இருந்தாலும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "ஏன்டா, செடிக்கு ரெண்டு பக்கெட் போதும். மீதி மூணு பக்கெட்ட தினமும் சாக்கடையில கொட்றோமே" என்றார். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வற்றிய நாட்களில் லாரிக்குக் குடத்தோடு நின்றவர் அவர். சென்னையில் அந்தக் கோடையைக் கடந்த யாருக்கும் 75 லிட்டர் என்பது சின்ன விஷயமாகத் தெரியாது.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் மீன்கள் துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள ஆரம்பித்தன. பெரிய ஆரஞ்சு ஒராண்டாவின் வாலில் சிவப்புக் கோடுகள் தெரிந்தன. மாலையில் டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்தேன். அம்மோனியா 0.5, நைட்ரைட் 0.25, இரண்டும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. பிஎச் 7.8. தண்ணீர் வெப்பம் 30 டிகிரி.

இதில் 0.5 என்பது பார்க்கச் சின்ன எண்ணாக இருக்கும். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனுக்கு உண்மையில் விஷமாவது அயனியாகாத பங்கு மட்டும். அது பிஎச்சும் வெப்பமும் ஏற ஏறக் கூடும். பிஎச் 7 என்றால் அதே 30 டிகிரியில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. பிஎச் 7.8 என்றால் நூற்றில் ஏறக்குறைய ஐந்து பங்கு. ஆக என் தொட்டியில் அந்த விஷப் பங்கு 0.024. மீன் வளர்ப்பில் 0.02ஐத் தாண்டவிடாதே என்று பரவலாகச் சொல்வார்கள். போதாக்குறைக்கு 30 டிகிரித் தண்ணீர் தாங்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். 20 டிகிரியில் அது ஒன்பதுக்கு மேல். தங்கமீன் குளிர்ந்த தண்ணீருக்குப் பழகிய மீன். நம் ஊர் கோடை அதற்கு ஏற்கெனவே கஷ்டம்.

முதலில் செய்த தப்பு

அழுக்கு முழுசாகப் போகாததுதான் காரணம் என்று நினைத்தேன். அது பாதிதான் சரி என்று பிறகு தெரிந்தது. அடியில் ஒதுங்குவதைக் கிளப்பிவிட்டால் ஸ்பாஞ்ச் இழுத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு, பவர் ஹெட் என்கிற, தண்ணீருக்குள் ஓடும் சின்ன பம்ப் ஒன்றை வாங்கி வலது பக்கக் கண்ணாடியில் ஒட்டினேன். முகம் கீழ்நோக்கி.

அடி ஒரு மணி நேரத்தில் பளிச்சென்று ஆனது. மறுநாள் காலை தண்ணீர் கஞ்சித் தண்ணீர் போல இருந்தது. நூல் நூலாகக் கிடந்த கழிவெல்லாம் பம்புக்குள் போய் அதன் சுழலும் இறக்கையில் (இம்பெல்லர்) அரைபட்டு, கண்ணுக்குத் தெரியாத தூளாகத் தொட்டி முழுக்கப் பரவிவிட்டது. முழுசாக இருக்கும்போது எடுத்துவிடக்கூடிய ஒன்றை, எடுக்கவே முடியாததாக நானே ஆக்கிவிட்டேன். வால் கனத்த ஒராண்டாக்கள் அந்த ஓட்டத்தில் நிலைகொள்ள முடியாமல் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. இரண்டாம் நாளே பவர் ஹெட்டைக் கழற்றிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்குப் போனேன். வடசென்னையில் அலங்கார மீன் என்றாலே கொளத்தூர்தான். வீட்டு மொட்டை மாடியிலும் பின்கட்டிலும் தொட்டி கட்டி மீன் வளர்க்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். எனக்கு மீன் கொடுத்த வளர்ப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொட்டிகள் எல்லாமே வெறும் அடிதான். நான் பேசி முடிக்கும்வரை குட்டித் தொட்டி ஒன்றில் சன்னமான ஏர் டியூபால் அடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"தம்பி, குப்பை எங்க போய் உக்காருதுன்னு பாத்தீங்களா?"

"அடி முழுக்கத்தான் அண்ணா கிடக்கு."

"அப்படி உக்காராது. ராத்திரி லைட்ட அணச்சுட்டு சைடுல டார்ச் அடிச்சுப் பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க."

டார்ச் வெளிச்சத்தில்

அன்றிரவு பத்து மணிக்குக் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியின் பக்கவாட்டிலிருந்து அடியை ஒட்டி டார்ச் அடித்தேன். மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒன்று அப்போது தெரிந்தது. அடியில் கிடப்பது சும்மா கிடக்கவில்லை, நகர்கிறது. ஒரு கழிவுத் துணுக்கு தொட்டியின் நடுவிலிருந்து இடது கோடிக்கு ஒரு சாண் தூரம் போக நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. இன்னொன்று அதே வேகத்தில் வலது கோடிக்குப் போனது. அந்தந்தக் கோடியில் ஸ்பாஞ்ச் ஃபில்டரின் கால்மாட்டில், சுவருக்கும் அதற்கும் நடுவே குழல் நுழையாத இரண்டு விரல் சந்தில் போய் அடைந்தன. இருபுறமும் ஃபில்டரைச் சற்றுத் தூக்கியதும் பழுப்பு மேகம் ஒன்று எழுந்து நடுத்தொட்டி வரை வந்தது.

காரணம் புரிய ஒரு டம்ளர் தேநீர் போதும். வடிகட்டாத தேநீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, கரண்டியால் சுற்றிவிட்டு எடுங்கள். சுழலும் தண்ணீர் தூளை ஓரத்துக்குத் தள்ளும் என்றுதான் நினைப்போம். தூள் நடுவில் போய்க் குவியும். மேல் தண்ணீர் வேகமாகச் சுழன்று வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. அடித் தண்ணீர் டம்ளரின் அடியில் உராய்ந்து வேகம் குறைவதால் நடுவை நோக்கி வருகிறது. நடுவில் சேர்ந்து மேலே ஏறுகிறது. தூளை நடுவரை இழுத்துவர அந்த ஓட்டத்துக்குத் தெம்பு உண்டு, மேலே தூக்கத் தெம்பு இல்லை. 1926இல் ஐன்ஸ்டைன் ஆறுகள் ஏன் வளைந்து வளைந்து ஓடுகின்றன என்று விளக்கும்போது இந்தத் தேயிலையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

என் தொட்டியில் கரண்டி இல்லை, காற்றுக் குமிழி இருக்கிறது. குமிழி ஏறும் இடத்தில் தண்ணீரும் கூடவே ஏறுகிறது. மேலே போய்ப் பரவி, வேறோரிடத்தில் இறங்கி, அடியை ஒட்டி மறுபடி குமிழியை நோக்கி வருகிறது. தண்ணீர் ஏறும் இடத்தின் அடியில்தான் குப்பை சேரும். நான் இரண்டு கோடியிலும் குமிழி வைத்திருந்தேன்; அதனால் குப்பை இரண்டாகப் பிரிந்து, என் கை எட்டாத இரண்டு சந்துகளுக்குப் போனது. தினமும் காலையில் நான் தடவிக்கொண்டிருந்தது வழியில் இருந்ததை மட்டும்.

மறுநாள் இரண்டு ஃபில்டரையும் இடது கோடிக்கு மாற்றினேன். சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, அடியிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி, சக்‌ஷன் கப்பில் நிறுத்தினேன். இரண்டு நாளில் குப்பை முழுவதும் இடது கோடியில் ஒரு தட்டு அளவு இடத்தில் சேர ஆரம்பித்தது. வலது பக்கம் முக்கால் தொட்டிக்குக் குழலே தேவைப்படவில்லை.

(தொட்டியின் ஒரு பக்கத்துக்குக் கீழே அட்டை வைத்துச் சாய்த்தால் குப்பை தானே வழிந்துவிடும் என்று சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 216 லிட்டர் என்பது 216 கிலோ. அந்த எடை ஒரே ஓரத்தில் சாய்ந்தால் அடிக் கண்ணாடி என்றைக்கு விரிசல் விடும் என்று சொல்ல முடியாது.)

வெள்ளைத் தட்டில் அழுக்கு

ஒரே இடத்தில் சேர்ந்ததால் அதை மொத்தமாக எடுத்துப் பார்க்க முடிந்தது. ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி ஜன்னல் ஓரம் வைத்தேன். பார்த்தால் ஒரே பழுப்பு. ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தால் மூன்றாகப் பிரிகிறது. சேமியா போல நீண்டு, விரலால் தொட்டால் சட்டென்று உடையாத நூல்கள்: அது மீன் கழிவு. மிளகு அளவில் உப்பி, நசுக்கினால் மாவாகப் போகும் உருண்டைகள்: தின்னாமல் விட்ட பெல்லட். மூன்றாவது, கனமே இல்லாத பஞ்சு போன்ற துகள். தட்டை லேசாக ஆட்டினாலே எழும்பும். அது ஸ்பாஞ்ச் தாங்க முடியாமல் உதிர்த்தது.

பெல்லட்டை எண்ணினேன். இருபத்து மூன்று. விசாரித்ததில், காலையில் நான் போடுவது போக மதியம் அம்மாவும் ஒரு பிடி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "கண்ணாடிகிட்ட வந்து வாயத் தொறக்குதுங்கடா, பாத்துட்டு எப்படி சும்மா போறது" என்றார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. பழைய அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து அன்றைய தீனியை அதில் அளந்து வைத்தோம். யார் போட்டாலும் அதிலிருந்துதான், கிண்ணம் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். மூன்றாம் நாள் தட்டில் இரண்டே பெல்லட்.

பஞ்சுத் துகளின் கதை வேறு. ஞாயிறுதோறும் இரண்டு ஸ்பாஞ்சையும் குழாயடியில் பிழிந்து பிழிந்து அலசிக்கொண்டிருந்தேன். குழாயில் வருவது குளோரின் கலந்த தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர அளவே வீட்டுக் குழாயில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. கிருமியைக் கொல்லத்தான் அது. நல்ல பாக்டீரியாவை அது விட்டு வைக்காது. போதாததற்கு, தினமும் 75 லிட்டர் மெட்ரோ வாட்டரை ஊற்றிவிட்டு அதற்குப் பிறகு ஆன்டி குளோரின் விட்டேன். அந்தப் பத்து நிமிடமும் ஸ்பாஞ்ச் குளோரின் தண்ணீரைத்தான் இழுத்திருக்கிறது. கல் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவுக்கு இருக்கும் ஒரே வீட்டை வாரம் முழுக்க நான் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அம்மோனியா இறங்காததற்குக் காரணம் அதுதான். மீனின் அம்மோனியாவில் பெரும்பங்கு செவுள் வழியாக நேரே தண்ணீரில் கலக்கிறது. எந்தக் குழலாலும் அதை உறிஞ்சி எடுக்க முடியாது.

குழலின் வாய்

இந்த ஆறு வாரத்தில் எனக்கு மிகவும் உதவியது ஒரு சாதாரணக் கணக்கு. சைஃபனில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகும் என்பதை முடிவு செய்வது ஹோஸின் தடிமன், நீளம், அப்புறம் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே தண்ணீர் வெளியேறும் இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். முன்னால் மாட்டியிருக்கும் வாய் எவ்வளவு அகலம் என்பதால் அந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. என் 12 மி.மீ. ஹோஸில் பக்கெட்டும் கடிகாரமும் வைத்து அளந்தேன்: நிமிடத்துக்கு 8 லிட்டருக்குச் சற்று மேல். ஹோஸுக்குள் தண்ணீர் நொடிக்கு 120 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று பொருள்.

அதே தண்ணீர் 50 மி.மீ. வாய்க்குள் நுழையும்போது என்ன வேகம்? பரப்பு 17 மடங்கு அதிகம், ஆகவே வேகம் 17 மடங்கு குறைவு. நொடிக்கு 7 செ.மீ. அவ்வளவுதான். செடிக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் பீய்ச்சி அடிக்கிறதே, அதையே தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.

அகல வாயை யாரும் தெரியாமல் செய்யவில்லை. அது கல் போட்ட தொட்டிக்கானது. கல்லுக்குள் குழலை இறக்கினால் கல் உருண்டு புரள வேண்டும், அழுக்கு மட்டும் மேலேறிப் போக வேண்டும், கல் திரும்பக் கீழே விழ வேண்டும். அதற்கு மெதுவான வேகம்தான் சரி. கல்லே இல்லாத தொட்டியில் எதைக் கீழே விழ வைக்க அந்த அகலம்? கழிவைத்தான் அது கீழே விழ வைத்தது. வாய்க்குள் பாதி ஏறி மறுபடி இறங்கியதை நான் தினமும் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

தெருமுனை ஹார்ட்வேர் கடையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் வாங்கினேன். ஒளி ஊடுருவும் டியூப், உள்வாய் 12 மி.மீ. அதே கடையில் எலக்ட்ரிக் வேலைக்கான 20 மி.மீ. கண்டூட் பைப் ஒரு துண்டு. டியூபைப் பைப்புக்குள் செருகியதும் நேரான கைப்பிடி கிடைத்துவிட்டது. இல்லையென்றால் டியூப் சுருண்டுகொண்டு அடியில் நிற்காது. முனையைச் சாய்வாக வெட்டினேன். நேராக வெட்டினால் கண்ணாடியில் கப்பென்று ஒட்டிக்கொண்டு ஓட்டம் நின்றுவிடும். அடிக்கும் வாய்க்கும் நடுவே குறைந்தது வாய் அகலத்தில் கால் பங்கு, அதாவது 3 மி.மீ. இடைவெளி வேண்டும், சாய்வு வெட்டு அதைத் தானே தருகிறது.

முதல் நாள் காலை பார்த்ததைச் சொல்கிறேன். அடியில் ஒன்றரை அங்குல நூல் ஒன்று கிடந்தது. மூன்று விரல் தூரத்தில் வாயைக் கொண்டுபோனேன். அது அசையவே இல்லை. இரண்டு விரல். ஒரு நுனி மட்டும் எழுந்து ஆடியது. ஒரு விரல் அகலத்துக்கு வந்ததும் முழு நூலும் சட்டென்று நிமிர்ந்து உள்ளே போய், டியூபுக்குள் கோடு போல ஓடி மறைந்தது. உறிஞ்சும் வாயின் பலம் தூரம் போகப் போக மிக வேகமாகக் குறைந்துவிடும். வாய் அகலம் அளவுக்கு விலகினாலே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் தொட்டியைப் பரபரவென்று தடவுவதில் பயன் இல்லை. ஒவ்வொரு குவியலின் பக்கத்திலும் போய் ஒரு நொடி நிற்க வேண்டும். கையை வேகமாக இழுத்தால் அந்த அலையிலேயே மீதி எழும்பிவிடும்.

இந்த வேகத்துக்கு ஆபத்தும் உண்டு. நான்காம் நாள் கறுப்பு ஒராண்டா என்ன ஏது என்று பார்க்க வந்து, வால் நுனி வாய்க்குள் போய்விட்டது. உடனே ஹோஸை மடக்கிப் பிடித்தேன், விட்டுவிட்டது. ஆனால் வாலில் அரை அங்குலம் கிழிசல். ஆற மூன்று வாரம் ஆனது. அதிலிருந்து ஒரு கையில் குழல், மறு கை எப்போதும் ஹோஸின் மேல். மீன் அருகே வந்தால் மடக்கு. குஞ்சுகள் இருக்கும் தொட்டி என்றால் இந்த டியூபே கூடாது. கொளத்தூரில் அவர் கையில் இருந்த சன்ன ஏர் டியூப் அதற்குத்தான். நிமிடத்துக்கு அரை லிட்டர் போல மெதுவாகப் போகும், வெள்ளை பேசினில் விட்டால் தவறி வந்த குஞ்சைப் பார்த்து எடுத்து மறுபடி விடலாம்.

இன்னொன்று. டியூபை வாயால் உறிஞ்சி ஆரம்பிக்காதீர்கள். டியூப் முழுவதையும் தொட்டிக்குள் அமிழ்த்தி, காற்றெல்லாம் வெளியேறியதும் ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்துப் பக்கெட்டில் இறக்கினால் போதும், ஓடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குக் கையுறை போடுங்கள், அல்லது வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்று மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கக்கூடிய கிருமி ஒன்று காயம் வழியாகத் தோலுக்குள் போனால் கட்டி போல வந்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வைக்கும்.

வேட்டித் துணி

இப்போது அடியைச் சுத்தம் செய்ய மூன்று நிமிடம்தான். 25 லிட்டர். அதிலும் தண்ணீரை ஏன் இழக்க வேண்டும் என்று தோன்றியது. அழுக்கை எடுப்பது ஒரு வேலை, தண்ணீர் மாற்றுவது இன்னொரு வேலை. ஒரே குழலில் இரண்டும் நடப்பதால் ஒன்றென்று நினைத்துவிட்டேன். அழுக்கைத் தினமும் எடுக்க வேண்டும். தண்ணீரைத் தினமும் மாற்ற அவசியமில்லை.

அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை அம்மா கிழித்துக் கொடுத்தார். சோப்பு வாசனை போகும்வரை வெறும் தண்ணீரில் நான்கைந்து முறை அலசி, வெயிலில் காயவைத்து, நான்காக மடித்துப் பக்கெட் வாயில் கட்டினோம். ஹோஸ் முனை அந்தத் துணிக்கு மேலே. அழுக்கு துணியில் தங்கும், தண்ணீர் கீழே வடியும். வடிந்ததைச் சொம்பால் மொண்டு தொட்டியிலேயே மெதுவாக ஊற்றிவிடுவேன். துணியை உதறி அலசும் ஒரு லிட்டர் தண்ணீர் கறிவேப்பிலைக்கு. துணியில் தங்கிய பழுப்புக் குழம்பைப் பார்த்தால் முன்பு எத்தனை பக்கெட் தண்ணீரில் இது கரைந்து கிடந்தது என்பது புரியும்.

துணி வடிகட்டுவது திடப்பொருளை மட்டும்தான். கரைந்த அம்மோனியாவும் நைட்ரேட்டும் அப்படியே தொட்டிக்குத் திரும்பும். அதனால் நான் இதைச் செய்த வரிசையைச் சொல்லியாக வேண்டும். அம்மோனியா 0.5 காட்டிக்கொண்டிருந்த வரை தண்ணீர் மாற்றுவதை நிறுத்தவில்லை. தினமும் 10 செ.மீ., அதாவது 54 லிட்டர், மாற்றினேன். ஆனால் அந்தத் தண்ணீர் முதல் நாளே 100 லிட்டர் டிரம்மில் பிடித்து, ஆன்டி குளோரின் கலந்து, ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழியாக்கும் கல்) போட்டு ஒரு நாள் நின்ற தண்ணீர். ஸ்பாஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோவதை நிறுத்தினேன். தொட்டியிலிருந்தே எடுத்த தண்ணீரில், பக்கெட்டுக்குள் நான்கு முறை அமுக்கி எடுப்பேன், அவ்வளவுதான். ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது. இரண்டையும் ஒரே நாளில் தொடுவதில்லை.

நோட்டில் இருப்பது இது. முதல் வாரம் அம்மோனியா மாறவே இல்லை, 0.5. பத்தாம் நாள் 0.25. அதே நாள் நைட்ரைட் 0.5க்கு ஏறியது, பயந்துவிட்டேன். அம்மோனியாவைத் தின்னும் கூட்டம் முதலில் தேறி, நைட்ரைட்டைத் தின்னும் கூட்டம் பின்னால் வருவதால் நடுவில் இப்படி ஒரு மேடு வருவது வழக்கம். லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு போட்டேன். உப்பின் குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். பதினெட்டாம் நாள் அம்மோனியா 0. இருபத்து நான்காம் நாள் நைட்ரைட்டும் 0. அதன் பிறகுதான் தண்ணீர் மாற்றுவதை வாரம் இரண்டு முறை 54 லிட்டர் என்று குறைத்தேன். வாரக் கடைசியில் நைட்ரேட் 30ஐ ஒட்டி நிற்கிறது.

முன்பு வாரத்துக்கு 525 லிட்டர் போனது. இப்போது 115. அம்மா கணக்கில் அது எத்தனை குடம் என்று அவரே சமையலறைச் சுவர் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னும் சரியாகாதவை

மின்வெட்டு வந்து குமிழி நின்றால் அரை மணி நேரத்தில் குப்பை இருந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது; மறுபடி ஓட்டம் வந்தாலும் ஒட்டிக்கொண்டது நகர்வதில்லை. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், முதலில் ஆக்சிஜனுக்காக, அப்புறம் இதற்காக.

அடிக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பிரதிபலிப்பதால் மீன்கள் முதலில் மிரண்டன. தொட்டிக்கு அடியில், வெளிப்பக்கம், தெர்மோகோலுக்கு மேல் கறுப்பு சார்ட் பேப்பர் வைத்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும். தண்ணீர் நிரப்பிய பிறகு அதைச் செய்ய வழி இல்லை. அடியில் படிந்த மெல்லிய பாசியைச் சுரண்டாமல் விட்டேன். இரண்டு மாதத்தில் அதுவே பிரதிபலிப்பைக் குறைத்துவிட்டது.

ஒராண்டாவின் வாலில் இருந்த சிவப்புக் கோடுகள் ஜூன் முதல் வாரம் மறைந்தன. கொளத்தூருக்குப் போய் இடது கோடி என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ரெண்டு ஃபில்டரையும் ஒண்ணா வெச்சுட்டீங்களா? வலது பக்கம் காத்து பத்துதான்னு பாருங்க தம்பி, வெயில் காலம்" என்றார். அது சரிதான். நடுப்பகலில் வலது கோடியில் ஒரு ஏர் ஸ்டோன் தனியாக ஓடுகிறது. அதை நீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழேயே தொங்கவிட்டிருப்பதால் அடி ஓட்டம் கலைவதில்லை.

அந்த 50 மி.மீ. குழலை மாடி வீட்டுப் பையனுக்குக் கொடுத்தேன். அவன் தொட்டியில் கல் இருக்கிறது.